கதீட்டரை எடுப்பது யார் வேலை?

2000ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஓர் எளிய ஆய்வு வெளியானது. நான்கு மருத்துவமனைகளில் மருத்துவர்களிடமும் மருத்துவ மாணவர்களிடமும் ஒரே கேள்வியைக் கேட்டிருந்தார்கள்: உங்கள் பொறுப்பில் இருக்கும் இந்த நோயாளிக்குச் சிறுநீர் கதீட்டர் (சிறுநீரை வெளியேற்ற உள்ளே செருகிவைக்கும் குழாய்) போடப்பட்டிருக்கிறதா? கதீட்டர் இருந்த நோயாளிகளைப் பற்றிய பதில்களில் 28 சதவீதத்தில், அது இருப்பதே பதில் சொன்னவருக்குத் தெரியவில்லை. மாணவர்களிடம் இது 21 சதவீதம். பதவி உயர உயரத் தெரியாமையும் உயர்ந்தது. மூத்த மருத்துவர்களிடம் 38 சதவீதம். தேவையே இல்லாமல் விட்டுவைக்கப்பட்டிருந்த கதீட்டர்களை மட்டும் எடுத்துக்கொண்டால் 41 சதவீதம்.

கதீட்டர் ஒவ்வொரு நாள் கூடுதலாக இருக்கும்போதும் தொற்று அபாயம் ஏறுகிறது என்பது அந்த மருத்துவர்கள் யாருக்கும் புதிய செய்தி அல்ல. தேர்வில் கேட்டால் எல்லோரும் எழுதியிருப்பார்கள். அப்படியிருக்க, அதைப் பற்றி ஒரு கருத்தரங்கு நடத்துவதால் என்ன மாறிவிடும்? ஆனால் மருத்துவமனைகள் பெரும்பாலும் முதலில் செய்வது அதைத்தான். கருத்தரங்கு, சுற்றறிக்கை, சுவரொட்டி. மூன்று மாதம் கழித்துப் பார்த்தால் சுவரொட்டி மட்டும் இருக்கும்.

ஆராய்ச்சி சொல்வதற்கும் வார்டில் நடப்பதற்கும் இடையிலுள்ள இந்தப் பள்ளம் மிகப் பழையது. 1747இல் ஜேம்ஸ் லிண்ட் என்ற கப்பல் மருத்துவர், சால்ஸ்பரி என்ற கப்பலில் ஸ்கர்வி நோய் கண்ட 12 மாலுமிகளை இருவர் இருவராகப் பிரித்து ஆறு விதமான சிகிச்சைகளைக் கொடுத்துப் பார்த்தார். ஆரஞ்சும் எலுமிச்சையும் தின்ற இருவர் எழுந்து நடமாடினார்கள். பிரிட்டிஷ் கடற்படை எலுமிச்சைச் சாற்றை முறையாக வழங்கத் தொடங்கியது 1795இல். நம் காலத்துக் கதையும் பெரிதாக மாறிவிடவில்லை. குறைமாதப் பிரசவம் நேரும் என்று தெரிந்தால் தாய்க்கு ஸ்டீராய்டு ஊசி போடுவது குழந்தையின் நுரையீரலைக் காக்கிறது என்று நியூசிலாந்தில் லிகின்ஸும் ஹோவியும் 1972இல் சோதனை முடிவோடு சொன்னார்கள். அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனங்கள் ஒரு கருத்தொருமிப்பு மாநாடு கூட்டி அதைப் பரவலாகப் பயன்படுத்தும்படி அழுத்திச் சொன்னது 1994இல். அந்த 22 ஆண்டுகளில் ஊசி மருந்து கிடைக்காமல் இல்லை. விலையும் மலிவுதான்.

ஓர் ஆராய்ச்சி முடிவு நடைமுறைக்கு வரச் சராசரியாக 17 ஆண்டுகள் ஆகின்றன என்று 2000இல் பாலாஸும் போரனும் போட்ட கணக்கு அன்று முதல் எல்லா மேடைகளிலும் சொல்லப்படுகிறது. சராசரி என்பதால் அதை வேதவாக்காக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. சில மருந்துகள் ஆறே மாதத்தில் பரவிவிடுகின்றன, சில பழக்கங்கள் ஒரு தலைமுறை ஆகியும் அசைவதில்லை. எது விரைகிறது, எது நின்றுவிடுகிறது என்பதுதான் சுவையான கேள்வி. 2003இல் அமெரிக்கப் பெரியவர்களின் மருத்துவப் பதிவுகளை ஆராய்ந்தபோது, பரிந்துரைக்கப்பட்ட சிகிச்சையில் அவர்களுக்குக் கிடைத்தது ஏறக்குறைய 55 சதவீதம்தான் என்று தெரிந்தது. இத்தனைக்கும் வழிகாட்டி நெறிகள் அலமாரி நிறைய இருந்தன.

'சொன்னால் செய்வார்கள்' என்பதும் ஒரு கோட்பாடுதான். யாரும் அதை அப்படி அழைப்பதில்லை, அவ்வளவே. சுற்றறிக்கை அனுப்புகிற நிர்வாகி, அறியாமைதான் தடை என்று முடிவுகட்டிவிட்டுத்தான் அதில் கையெழுத்திடுகிறார். அபராதம் விதிப்பவர் அக்கறையின்மைதான் தடை என்று நம்புகிறார். கணினியில் எச்சரிக்கைப் பெட்டி வைப்பவருக்கு மறதிதான் தடை. ஒவ்வொரு திட்டத்துக்குள்ளும் மனிதர்கள் ஏன் ஒன்றைச் செய்கிறார்கள், ஏன் செய்யாமல் விடுகிறார்கள் என்பது பற்றிய ஓர் ஊகம் ஒளிந்திருக்கிறது. அந்த ஊகத்தை வெளியே எடுத்து, எழுதிவைத்து, சரிதானா என்று சோதிப்பதுதான் நடத்தை மாற்றக் கோட்பாடு செய்கிற வேலை. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று கோட்பாட்டை ஒதுக்குகிறவர்களும் ஒரு சுரைக்காயை வைத்துக்கொண்டுதான் பேசுகிறார்கள். அது எந்த ஏட்டில் இருக்கிறது என்பது மட்டும் அவர்களுக்குத் தெரிவதில்லை.

இத்துறையின் முன்னோடிகளில் ஒருவரான மார்ட்டின் எக்கிள்ஸ், பெரும்பாலான திட்டங்கள் எந்த அடிப்படையில் வடிவமைக்கப்படுகின்றன என்பதற்கு ஒரு கிண்டலான பெயர் வைத்தார்: 'அந்த நேரத்தில் நல்ல யோசனையாகத் தோன்றியது' என்ற விதி. விளையாட்டாகச் சொன்னதானாலும் கணக்கு அவர் பக்கம்தான் இருந்தது. வழிகாட்டி நெறிகளைப் பரப்பும் முயற்சிகளை மதிப்பிட்ட 235 ஆய்வுகளை 2010இல் திரட்டிப் பார்த்தபோது, ஏதோ ஒரு வகையில் கோட்பாட்டைத் தொட்டவை 53 மட்டுமே. திட்டத்தின் அடித்தளமாகவே அதை வெளிப்படையாக வைத்தவை 14.

இங்கே ஒரு முரண் இருக்கிறது. காய்ச்சல் என்று வருபவருக்கு, மலேரியாவா டைஃபாய்டா என்று பாராமல் கைக்குக் கிடைத்த மாத்திரையைக் கொடுக்கும் மருத்துவரை நாம் மன்னிக்க மாட்டோம். அதே துறையினர் தங்கள் சகாக்களின் பழக்கத்தை மாற்ற முற்படும்போது மட்டும் நோயறியாமலே மருந்து எழுதுகிறார்கள். பயிற்சிக் கூட்டம் என்ற ஒரே மாத்திரை எல்லாக் காய்ச்சலுக்கும். அந்த மாத்திரைக்கு வீரியமே இல்லை என்றும் சொல்ல முடியாது. பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்து அலசும் கோக்ரேன் தொகுப்பாய்வுகளைப் பார்த்தால், பயிற்சிக் கூட்டங்களால் விரும்பிய நடைமுறை இடைநிலை அளவில் 6 சதவீதப் புள்ளிகள் போலக் கூடுகிறது. தணிக்கை செய்து, 'நீங்கள் இப்படிச் செய்திருக்கிறீர்கள்' என்று திருப்பிக் காட்டுவதால் 4 புள்ளிகளுக்குச் சற்று மேல். கணினி நினைவூட்டல்களும் ஏறக்குறைய அதே அளவுதான். ஆனால் தணிக்கை பற்றிய, 140 ஆய்வுகள் கொண்ட அந்தத் தொகுப்பில், மேல் கால்பங்கையும் கீழ்க் கால்பங்கையும் ஒதுக்கிவிட்டு நடுப்பாதியை மட்டும் பார்த்தாலே, விளைவுகள் அரைப் புள்ளியிலிருந்து 16 புள்ளிகள் வரை விரிந்து கிடந்தன. ஒரே முறை ஓரிடத்தில் வெடிக்கிறது, இன்னோரிடத்தில் புஸ்ஸென்று போய்விடுகிறது. ஏன் என்று கேட்டால் சராசரி பதில் சொல்லாது.

கோட்பாடுகளுக்கு உளவியலில் பஞ்சமே இல்லை. ஒரு செயலைப் பற்றிய மனப்பான்மை, சுற்றியிருப்பவர்களின் எதிர்பார்ப்பு, தன்னால் முடியும் என்ற உணர்வு ஆகிய மூன்றும் சேர்ந்து எண்ணத்தை உருவாக்குகின்றன, எண்ணம் செயலாகிறது என்றார் ஐசக் ஐசன். ஆல்பர்ட் பந்தூரா தன்னால் முடியும் என்ற நம்பிக்கையை மையத்தில் வைத்தார். நல்ல எண்ணம் மட்டும் போதாது, 'இன்ன நேரத்தில், இன்னது நடந்தால், இதைச் செய்வேன்' என்று முன்கூட்டியே முடிச்சுப் போட்டுவைக்க வேண்டும் என்று பீட்டர் கோல்விட்சர் காட்டினார். இப்படி ஒன்றையொன்று பாதி மூடிக்கொண்டு நிற்கும் கோட்பாடுகளில் எதைப் பிடிப்பது என்று ஒரு வார்டு மேற்பார்வையாளர் உட்கார்ந்து ஆராய முடியாது. அதனால் 2005இல் உளவியலாளர் சூசன் மிக்கியும் அவருடைய குழுவினரும் 33 கோட்பாடுகளிலிருந்து 128 கருத்துகளை எடுத்து, சலித்து, 12 களங்களாகத் தொகுத்தார்கள். 2012இல் திருத்தப்பட்ட வடிவத்தில் அவை 14 ஆயின: அறிவு, திறமை, தொழில் அடையாளம், தன் ஆற்றல் மீதான நம்பிக்கை, விளைவுகள் பற்றிய எதிர்பார்ப்பு, நினைவும் கவனமும், சூழல், சமூகத் தாக்கம், உணர்ச்சி என்று நீள்கிறது பட்டியல். அறிவு அந்தப் பதினான்கில் ஒன்றே ஒன்று. வேறெதுவும் நினைவில் நிற்காவிட்டாலும் இது ஒன்று நின்றால் போதும்.

இதையே மூன்றாகச் சுருக்கியது 2011இல் வந்த காம்-பி மாதிரி. ஒரு செயல் நடக்க மூன்றும் வேண்டும்: செய்யும் திறன், செய்வதற்கான வாய்ப்பு, செய்ய உந்துதல். வாய்ப்பு என்பது இங்கே அதிர்ஷ்டம் அல்ல. ஆளுக்கு வெளியே இருக்கிற எல்லாமும்: நேரம், பொருள், இடம், உடன் வேலை செய்பவர்களின் வழக்கம். உந்துதலிலும் இரண்டு வகை உண்டு. யோசித்து முடிவெடுப்பது ஒன்று. பழக்கத்தாலும் உணர்ச்சியாலும் கை தானாகப் போவது மற்றொன்று. மருத்துவம் முதல் வகையில்தான் ஓடுகிறது என்று மருத்துவர்கள் நம்ப விரும்புகிறார்கள்.

கதீட்டருக்குத் திரும்பிப் போவோம். ஒரு வார்டைக் கற்பனை செய்துகொள்ளலாம். காலை ரவுண்ட்ஸ். மருத்துவர் கட்டிலின் வலப்பக்கம் நிற்கிறார்; சிறுநீர்ப் பை இடப்பக்கம், போர்வை மறைவில் தொங்குகிறது. கேஸ் ஷீட்டில் மருந்துகளுக்குத் தனிப் பக்கம் இருக்கிறது. கதீட்டரோ இரண்டு நாளுக்கு முன் அவசரப் பிரிவில் யாரோ போட்டது. எழுதியிருந்தால் எங்கோ நடுவில் ஒரு வரி. செவிலியருக்கு அது இருப்பது தெரியும், ஒவ்வொரு ஷிஃப்டிலும் பையைக் காலி செய்பவர் அவர்தான். ஆனால் மருத்துவர் எழுதாமல் அவர் அதை எடுக்கக் கூடாது. 'சார், இதை எடுத்துவிடலாமா' என்று கேட்கலாம். போன வாரம் கேட்டபோது கிடைத்த பார்வை நினைவுக்கு வருகிறது. மேலும், எடுத்துவிட்டால் அந்த முதியவரை இரவில் நான்கு முறை கழிப்பறைக்கு அழைத்துப் போக வேண்டும். இரவு ஷிஃப்டில் இருப்பது ஒரே செவிலியர். நோயாளியும் கேட்கவில்லை, கேட்கலாம் என்று அவருக்குத் தெரியாது.

இதில் யாருடைய அறிவில் குறை? கட்டிலைச் சுற்றி நிற்பவர்கள் எல்லோருக்கும் தெரிய வேண்டியது தெரிந்திருக்கிறது. மருத்துவருக்கு இல்லாதது கண்ணில் படும் வாய்ப்பு. செவிலியருக்கு இல்லாதது அதிகாரம். ஓரளவுக்கு, காரணத்தோடுதான், உந்துதலும். தொற்றுத் தடுப்பு பற்றி ஒரு மணி நேர வகுப்பு எடுத்தால் இந்தக் காட்சியில் ஒரு வரிகூட மாறாது. 'கதீட்டர் போட்ட மூன்றாம் நாள் காலை, மருத்துவர் காரணம் எழுதிப் புதுப்பிக்காவிட்டால், செவிலியரே எடுத்துவிடலாம்' என்று விதியை மாற்றினால் முழுக் காட்சியும் திரும்புகிறது. இதுவரை ஒன்றும் செய்யாமலிருந்தால் கதீட்டர் இருக்கும். இனி ஒன்றும் செய்யாமலிருந்தால் கதீட்டர் போகும். இத்தகைய நினைவூட்டல்களையும் தானாகக் காலாவதியாகும் உத்தரவுகளையும் பற்றிய 14 ஆய்வுகளை 2010இல் சேர்த்துப் பார்த்தபோது, கதீட்டர் சார்ந்த சிறுநீர்த் தொற்று ஏறக்குறையப் பாதியாகக் குறைந்திருந்தது.

இந்தப் பகுப்பாய்வு தொடங்கும் இடம் கோட்பாடுகூட அல்ல, இலக்கணம். 'கதீட்டர் தொற்றைக் குறைப்போம்' என்ற வாக்கியத்தில் செய்பவர் இல்லை, செயலும் இல்லை. குறைவது ஒரு விளைவு. யார், எதை, எந்த நோயாளிக்கு, எங்கே, எப்போது செய்ய வேண்டும் என்று கேட்டுக்கொண்டே போனால்தான் ஒரு நடத்தை கையில் அகப்படும். வழிகாட்டி நெறிகளை எடுத்துப் பாருங்கள்: 'பரிசீலிக்கப்பட வேண்டும்', 'கண்காணிக்கப்பட வேண்டும்', 'உறுதி செய்யப்பட வேண்டும்' என்று எல்லாமே செயப்பாட்டு வினை. செய்பவர் இல்லாத வாக்கியம் வார்டிலும் செய்பவர் இல்லாமலே கிடக்கிறது.

ஆன்டிபயாட்டிக் கதை இன்னும் சிக்கலானது. அங்கே விட்டுப்போன ஒன்றைச் செய்ய வைப்பதல்ல, செய்துகொண்டிருப்பதை நிறுத்த வைப்பதே வேலை. சளி, இருமலுக்குக் காரணம் பெரும்பாலும் வைரஸ், ஆன்டிபயாட்டிக் உதவாது. இதுவும் எல்லோருக்கும் தெரியும். பிறகு ஏன் எழுதுகிறார்கள்? 2014இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வு நேரத்தை மட்டும் கணக்கெடுத்தது. காலையில் கிளினிக் தொடங்கும்போது குறைவாக இருந்த ஆன்டிபயாட்டிக் சீட்டுகள் மதியத்தை நெருங்க நெருங்கக் கூடின; இடைவேளைக்குப் பிறகு இறங்கி, மாலைக்குள் மறுபடி ஏறின. அதே மருத்துவர், அதே அறிவு. களைத்துப்போன மனம், 'இது தேவையில்லை' என்று ஐந்து நிமிடம் விளக்குவதைவிடச் சீட்டெழுதிக் கிழித்துக் கொடுப்பதையே தேர்ந்தெடுக்கிறது. உந்துதலின் இரண்டாவது வகை என்றேனே, அது இதுதான்.

இதை வைத்து 2016இல் ஓர் அழகான சோதனை வெளியானது. பாஸ்டனையும் லாஸ் ஏஞ்சல்ஸையும் சேர்ந்த 47 கிளினிக்குகள். மூன்று முறைகள். முதல் முறையில், மருத்துவர் தேவையற்ற ஆன்டிபயாட்டிக் எழுத முயன்றால் கணினித் திரை மாற்று மருந்துகளை முன்வைத்தது. இரண்டாவதில், ஏன் எழுதுகிறீர்கள் என்று ஒரு வரி தட்டச்சு செய்யச் சொன்னது. அந்த வரி நோயாளியின் பதிவேட்டில் எல்லோரும் பார்க்கும்படி நிற்கும், எழுதாவிட்டால் 'காரணம் தரப்படவில்லை' என்று பதிவாகும். மூன்றாவதில், மருத்துவருக்கு மாதாமாதம் ஒரு மின்னஞ்சல் போனது: தேவையற்ற சீட்டு எழுதுவதில் மிகக் குறைந்தவர்களில் நீங்கள் ஒருவர், அல்லது ஒருவர் அல்லர்.

மாற்று மருந்து காட்டும் முறையால், இந்த மூன்றில் எதுவும் தரப்படாத கட்டுப்பாட்டுக் குழுவைவிடக் குறிப்பிடத்தக்க வேறுபாடு வரவில்லை. அது தகவலைத்தான் தந்தது, தகவல் ஏற்கெனவே இருந்தது. காரணம் எழுதச் சொன்ன குழுவில் தேவையற்ற சீட்டுகள் 23 சதவீதத்திலிருந்து 5 சதவீதத்துக்கு இறங்கின. சகாக்களோடு ஒப்பிட்ட குழுவில் 20லிருந்து 4க்கு அருகில். கட்டுப்பாட்டுக் குழுவிலேயே 24லிருந்து 13க்குக் குறைந்திருந்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். கவனிக்கப்படுகிறோம் என்று தெரிந்தாலே பாதி மாறிவிடுகிறவர்கள் மனிதர்கள். ஆனாலும் மிச்ச வேறுபாடு உண்மையானது. அந்த ஒற்றை வரியை எந்த மேலதிகாரியும் படித்துத் தண்டிக்கப் போவதில்லை. எழுதுகிறவருக்கே அது கூச்சமாக இருந்தது, அது போதுமானதாக இருந்தது.

இங்கிலாந்தில் இதையே ஒரு கடிதத்தால் செய்து பார்த்தார்கள். அதிகமாக ஆன்டிபயாட்டிக் எழுதும் 20 சதவீதக் கிளினிக்குகளில் ஒரு பாதிக்கு நாட்டின் தலைமை மருத்துவ அதிகாரியின் கையெழுத்தோடு 2014இல் கடிதம் போனது. 'உங்கள் பகுதியிலுள்ள 80 சதவீதக் கிளினிக்குகள் உங்களைவிடக் குறைவாகவே எழுதுகின்றன' என்பதுதான் அதன் சாரம். அடுத்த ஆறு மாதத்தில் சீட்டுகள் 3.3 சதவீதம் குறைந்தன. சிறிய எண்தான். ஆனால் தபால் செலவுக்கு 73,000க்கும் மேற்பட்ட சீட்டுகள் மிச்சம் என்றால் எந்த நிதி அமைச்சகமும் மறுக்காது. அதே சோதனையின் இன்னொரு பகுதியில் நோயாளிகளை நோக்கி விழிப்புணர்வுப் பிரசாரம் செய்தார்கள். அதனால் குறிப்பிடும்படி எதுவும் நடக்கவில்லை.

சமூக ஒப்பீட்டை எல்லாப் பூட்டுக்கும் சாவியாக எடுத்துக்கொண்டால் மறுபடியும் அதே தவற்றுக்குத்தான் போய்ச் சேர்வோம். கை கழுவுவதை எடுத்துக்கொள்ளுங்கள். 1847இல் வியன்னா பொது மருத்துவமனையில் செம்மல்வைஸ் என்ற மருத்துவர், பிரசவ அறைக்குள் நுழையும் முன் குளோரின் கரைசலில் கை கழுவ வேண்டும் என்று விதித்தார். ஏப்ரலில் 18 சதவீதமாக இருந்த தாய்மார் இறப்பு கோடைக்குள் 2 சதவீதத்தை ஒட்டி வந்துவிட்டது. இதைவிடப் பளிச்சென்ற சான்று யாருக்குக் கிடைக்கும்? ஆனால் அவர் சொன்னதன் உள்ளர்த்தம், 'உங்கள் கைகள்தான் அந்தப் பெண்களைக் கொன்றன' என்பது. கனவான்களின் கை அழுக்காக இருக்க முடியாது என்று நம்பிய ஒரு தொழிலிடம் அதைச் சொன்னார். எதிர்த்தவர்களைக் கொலைகாரர்கள் என்று கடிதம் எழுதியும் ஏசினார். 14 களங்களில் தொழில் அடையாளம் என்று ஒன்று இருப்பது ஏன் என்று கேட்பவர்களுக்கு இந்தக் கதையைச் சொல்லலாம்.

160 ஆண்டுகளுக்குப் பிறகு அதே அடையாளத்தை எதிர்த்திசையில் பயன்படுத்திக் காட்டினார்கள் கிராண்ட், ஹாஃப்மன் என்ற இரு ஆய்வாளர்கள். அமெரிக்க மருத்துவமனை ஒன்றில் சோப்புப் பெட்டிகளுக்கு மேல் இரண்டு வகை அறிவிப்புகளை வைத்தார்கள். ஒன்று, கை சுத்தம் உங்களுக்கு நோய் வராமல் தடுக்கும் என்றது. மற்றொன்று, நோயாளிகளுக்கு நோய் வராமல் தடுக்கும் என்றது. மாறியது ஒரே ஒரு சொல். நோயாளி என்ற சொல் இருந்த இடத்தில்தான் சோப்பு அதிகம் செலவானது. தினமும் கிருமிகளோடு புழங்கி ஒன்றும் ஆகாதவர்கள் தங்களைப் பற்றிப் பயப்படுவதில்லை. ஆனால் நோயாளியைக் காப்பவர் என்று தங்களை நினைத்துக்கொள்கிறார்கள். கோட்பாடு இல்லாமலும் இந்த வாசகம் யாருக்காவது தோன்றியிருக்கலாம். தோன்றியிருந்தாலும், அது ஏன் வேலை செய்தது என்று தெரியாமல் அடுத்த மருத்துவமனைக்கு எடுத்துப்போக முடியாது.

எடுத்துப்போவதில்தான் பெரும்பாலும் சறுக்குகிறது. மிச்சிகன் மாநிலத்தின் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் பீட்டர் புரோனோவாஸ்ட் குழுவினர் நடத்திய திட்டம் 2006இல் உலகப் புகழ் பெற்றது. மையச் சிரைக் கதீட்டர் (சிறுநீர்க் குழாய் அல்ல, பெரிய ரத்தக் குழாய்க்குள் போகும் குழாய்) செருகும்போது செய்ய வேண்டிய ஐந்து காரியங்கள். மூன்றே மாதத்தில் ரத்தத் தொற்றின் இடைநிலை அளவு ஆயிரம் கதீட்டர் நாட்களுக்கு 2.7லிருந்து பூஜ்யத்துக்கு வந்தது. உலகம் அதைச் 'சரிபார்ப்புப் பட்டியலின் வெற்றி' என்று படித்தது. ஆனால் பட்டியல் அதில் ஒரு தாள் மட்டுமே. தேவையான பொருள்கள் எல்லாம் ஒரே தள்ளுவண்டியில் வைக்கப்பட்டன. படி தவறினால் மருத்துவரை நிறுத்தும் அதிகாரம் செவிலியருக்கு வழங்கப்பட்டது, மேலிடம் அவர் பக்கம் நிற்கும் என்ற உறுதியோடு. ஒவ்வொரு பிரிவுக்கும் அதன் எண்கள் திரும்பிக் காட்டப்பட்டன. மற்ற பிரிவுகள் எல்லாம் முன்னேறும்போது நாம் மட்டும் பின்தங்குவதா என்ற நெருக்கடியும் இருந்தது. காம்-பி மொழியில் சொன்னால் வாய்ப்பும் உந்துதலும் ஒருசேர மாற்றப்பட்டன. பிறகு இங்கிலாந்தில் இதைப் பின்பற்றியபோதும் தொற்று குறைந்தது. ஆனால் ஏற்கெனவே குறைந்துகொண்டிருந்த போக்கிலிருந்து அதைப் பிரித்துக் காட்ட முடியவில்லை.

அறுவை சிகிச்சைச் சரிபார்ப்புப் பட்டியலின் கதையும் இதுபோலத்தான். உலக சுகாதார நிறுவனத்தின் 19 அம்சப் பட்டியலை எட்டு நகரங்களில் சோதித்தபோது இறப்பு 1.5 சதவீதத்திலிருந்து 0.8 ஆகக் குறைந்ததாக 2009இல் அறிவித்தார்கள். கனடாவின் ஒன்டாரியோ மாகாணம் அதைக் கட்டாயமாக்கியது. 101 மருத்துவமனைகளைப் பார்த்த 2014ஆம் ஆண்டின் ஆய்வில் இறப்பில் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. பட்டியலை நிரப்பிவிட்டோம் என்ற அறிக்கைகள் மட்டும் ஏறக்குறைய நூறு சதவீதம். அறுவை அரங்கில் எல்லோரும் ஒரு கணம் நின்று, பெயர் சொல்லி, 'எனக்கு ஒரு சந்தேகம்' என்று கடைநிலைச் செவிலியரும் வாய் திறக்கும்படி செய்வதுதான் பட்டியலின் உள்வேலை. டிக் போடுவதைக் கட்டாயமாக்கலாம். வாய் திறப்பதைக் கட்டாயமாக்க முடியுமா?

கோட்பாட்டின் பக்கம் நின்று இவ்வளவு எழுதிவிட்டு அதன் தோல்விகளை மறைப்பது நியாயமல்ல. ஆஸ்திரேலியாவில் முதுகுவலிக்குத் தேவையில்லாமல் எக்ஸ்ரே எடுக்கச் சொல்வதைக் குறைக்க ஒரு குழு புத்தகத்தில் இருந்தபடியே எல்லாவற்றையும் செய்தது. நடத்தையை வரையறுத்தார்கள், மருத்துவர்களைப் பேட்டி கண்டார்கள், களங்களைக் கண்டறிந்தார்கள், அதற்கேற்ற உத்திகளைத் தேர்ந்தெடுத்துப் பயிலரங்கு நடத்தினார்கள். 2013இல் முடிவு வந்தது: மருத்துவர்களின் எண்ணம் ஓரளவு மாறியிருந்தது, எக்ஸ்ரே எண்ணிக்கை குறிப்பிடும்படி மாறவில்லை. எண்ணத்துக்கும் செயலுக்கும் இடையே இன்னொரு பள்ளம் இருக்கிறது என்று கோல்விட்சர் சொன்னது இந்த இடத்துக்கும் பொருந்தும். கனடாவில் தலைக் காயத்துக்கு யாருக்கு சிடி ஸ்கேன் தேவை என்று தீர்மானிக்கும் விதி ஒன்று உண்டு. நன்றாக நிறுவப்பட்ட விதி. அதை அவசரப் பிரிவுகளில் நடைமுறைப்படுத்திய சோதனையில் ஸ்கேன்கள் குறையவில்லை, கூடின. பிறகு மிக்கி குழுவின் அந்தக் களங்களை வைத்துக்கொண்டு மருத்துவர்களிடம் பேசி, என்ன நடந்தது என்று தேடினார்கள். பிரேதப் பரிசோதனைக்காவது கோட்பாடு உதவியது என்று இதைச் சொல்லலாம். முன்பே அழைத்திருக்கலாமே என்றும் சொல்லலாம்.

இன்னொரு விமரிசனம் எனக்கு இதைவிடக் கனமானதாகப் படுகிறது. நடத்தை என்ற சொல்லே பார்வையைத் தனிமனிதர் மீது திருப்பிவிடுகிறது. இரவில் முப்பது நோயாளிகளுக்கு ஒரே செவிலியர் இருக்கும் வார்டில், அந்தச் செவிலியரின் உந்துதலை அளப்பதற்குக் கேள்வித்தாள் கொண்டுபோவது அநியாயம். காம்-பி வாய்ப்பு என்று ஒரு பெட்டி வைத்திருக்கிறது, ஆள் பற்றாக்குறையை அதில் எழுதலாம், உண்மைதான். ஆனால் திட்டத்துக்குப் பணம் தரும் நிர்வாகம் அந்தப் பெட்டியைத் திறக்க விரும்பாது. மனப்பான்மையை மாற்றுவது மலிவு, ஆள் போடுவது செலவு. நடைமுறையில் பல குழுக்கள் 14 களங்களையும் பேட்டியில் அலசிவிட்டு, கடைசியில் எப்படியும் நடத்தவிருந்த பயிற்சிக் கூட்டத்துக்கே திரும்புகிறார்கள், முன்னுரையில் ஒரு வரைபடத்தைச் சேர்த்துக்கொண்டு. 2013இல் தொகுக்கப்பட்ட நடத்தை மாற்ற உத்திகளின் பட்டியலில் 93 உத்திகள் இருக்கின்றன. தகவல் சொல்வதையும் விளக்கம் கொடுப்பதையும் கழித்துவிட்டு மிச்சத்தில் எத்தனை, கையிலுள்ள திட்டத்தில் இருக்கின்றன என்று எண்ணிப் பார்ப்பது நேர்மையான சோதனை.

அந்த வார்டின் கதையில் ஒரு மிச்சம் இருக்கிறது. மூன்றாம் நாள் விதி வந்த பிறகு, முதியவரின் கதீட்டரைச் செவிலியர் யாரையும் கேட்காமல் எடுத்துவிடலாம். எடுத்தால் அன்று இரவு நான்கு முறை அவரைத் தாங்கிப் பிடித்து நடத்திப் போக வேண்டியவரும் அவரே. அதனால் விதியை எழுதுகிறவர்கள் அதே தாளில் இன்னும் இரண்டு வரிகளுக்கு இடம் விட வேண்டியிருக்கிறது: கட்டிலருகே வைக்கும் சிறுநீர்க் குடுவைகள் எத்தனை, இரவு ஷிஃப்டுக்கு உதவியாளர் யார்.